கைவிளக்கும் கல்வியும்

நுழையும்முன்

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது திருக்குறள் காட்டும் நெறி. இவற்றுள் நான்காவதாகிய பேணுதலுக்கு அன்பு ஒன்றே போதும் என உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அன்போடு அறிவும் வேண்டும், அவ்வறிவும் ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்று நிலைநாட்டியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். போர்க்கால மருத்துவமனையில் அவர் கைவிளக்கேந்தி நடந்த காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. அதன்பின் அரை நூற்றாண்டுக்காலம் செவிலியரின் கல்விக்காக அவர் உழைத்த உழைப்பை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் ஏக்கமும்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்குச் சூட்டப்பட்டது. செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பம் அவருடையது. தந்தை வில்லியம் கல்வியில் பெருவிருப்பம் உடையவர். பெண்களுக்கு உயர்கல்வி மறுக்கப்பட்டிருந்த அக்காலத்தில், தம் மகளிர் இருவருக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். பிளாரன்சுக்குக் கணிதத்தின்மீதும் தீராத ஆர்வம் இருந்தது.

செவிலியப் பணியே தம் வாழ்க்கை என அவர் இளமையிலேயே முடிவு செய்தார். 1845ஆம் ஆண்டில், சாலிஸ்பரி நகர மருத்துவமனையில் சில மாதங்கள் பயிற்சி பெற இசைவு கேட்டபோது குடும்பத்தார் உறுதியாக மறுத்துவிட்டனர். அம்மறுப்பில் வியப்பில்லை. செவிலியப் பணி அக்காலத்தில் கற்றுச்செய்யும் தொழிலாகக் கருதப்படவில்லை. வேறு வேலை கிடைக்காதோரும் மதுப்பழக்கம் உடையோரும் செய்யும் இழிதொழிலாகவே அது மதிக்கப்பட்டது.

ஆயினும், பிளாரன்ஸ் மனம் தளரவில்லை. வீட்டார் விழிக்குமுன் எழுந்து, விளக்கொளியில் மருத்துவமனை அறிக்கைகளையும் அரசின் சுகாதார அறிக்கைகளையும் படித்துக் குறிப்பெடுத்தார். ஆசிரியரும் பள்ளியும் இல்லாத நிலையிலும் அவருடைய கல்வி தொடர்ந்தது. 1851ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் இருந்த செவிலியர் நிலையத்தில் மூன்று மாதங்கள் தங்கிப் பயிற்சி பெற்றார். முறையாக அவர் பெற்ற பயிற்சி பெரும்பாலும் அம்மூன்று மாதங்களே ஆகும்.

1853ஆம் ஆண்டில், இலண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான சிறு மருத்துவமனை ஒன்றின் கண்காணிப்பாளராக ஊதியமின்றிப் பொறுப்பேற்றார். அங்கிருந்தோருள் பலர், செல்வர் இல்லங்களில் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்து, உடல் நலிந்து, போக்கிடம் இல்லாதவர்கள். ஒவ்வொரு தளத்திற்கும் வெந்நீர்க் குழாய், உணவை மேலேற்றும் தூக்கி, எந்த நோயாளி அழைக்கிறார் எனச் செவிலியருக்குக் காட்டும் மணி ஆகியவற்றை அமைக்க அவர் ஏற்பாடு செய்தார். படிகளில் ஏறி இறங்கியே செவிலியரின் பொழுது கழிந்தால் நோயாளியைக் கவனிக்க நேரமிராது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

போர் கற்பித்த பாடம்

1854ஆம் ஆண்டில் பிரித்தானியா கிரிமியப் போரில் இறங்கியது. துருக்கியின் ஸ்குட்டாரியில் இருந்த ஆங்கிலப் படை மருத்துவமனையின் அவலநிலை நாளிதழ்கள்வழி வெளிப்பட்டது. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளை ஏற்று, பிளாரன்ஸ் 38 செவிலியருடன் புறப்பட்டு நவம்பர் மாதம் அங்குச் சென்றடைந்தார். சமையல், சலவை, துணி, படுக்கை என ஒவ்வொன்றையும் அவர் ஒழுங்குபடுத்தினார். இரவில் விளக்கேந்தி நோயாளர்களைப் பார்வையிட்டார். 'கைவிளக்கேந்திய காரிகை' என்ற பெயர் அவருக்கு அங்கேதான் கிடைத்தது.

இவ்வளவு செய்தும் அந்தக் குளிர்காலத்தில் வீரர்கள் கொத்துக்கொத்தாக மடிந்தனர். 1855ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அரசு அனுப்பிய சுகாதாரக் குழுவினர், கட்டடத்தின் அடியில் தேங்கிய கழிவுநீரை அகற்றி, காற்றோட்டத்திற்கும் வழி செய்தனர். அதன்பின் இறப்பு விரைந்து குறைந்தது.

1856ஆம் ஆண்டில் நாடு திரும்பிய பிளாரன்ஸ், புகழுரைகளைத் தவிர்த்துவிட்டுக் கணக்கேடுகளை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். புள்ளியியல் அறிஞர் வில்லியம் பாருடன் இணைந்து படையினரின் இறப்புகளை ஆராய்ந்தார். குண்டடியாலும் காயத்தாலும் இறந்தோரைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தோர் பன்மடங்கு மிகுதி என்னும் உண்மை தெளிவாயிற்று. அதனை எவரும் பார்த்தவுடன் உணரும்படி வண்ண வட்ட வரைபடங்களாக வெளியிட்டார். 1858ஆம் ஆண்டில் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கனிவு மிக்க கைகளும் காற்றும் நீரும் கெட்ட இடத்தில் தோற்றுப்போகும் என்பதே போர் அவருக்குக் கற்பித்த பாடம்.

நெடுநாள் நோயாளியின் அறை

கிரிமியாவில் பிளாரன்சைப் பற்றிய கடுங்காய்ச்சல் அவரை எளிதில் விடவில்லை. 1857ஆம் ஆண்டு முதல் பல்லாண்டுகள் அவர் பெரும்பாலும் படுக்கையிலும் தம் அறையிலுமே வாழ்ந்தார். பிறர் நோயைப் பேணியவர் தாமே நெடுநாள் நோயாளியானார். படுக்கையில் இருந்தபடியே நூல்களும் அறிக்கைகளும் ஆயிரக்கணக்கான மடல்களும் எழுதினார்.

செவிலியம் குறித்து அவர் எழுதிய சிறுநூல் இக்காலத்தில்தான் வெளிவந்தது. அந்நூலில் நெடுநாள் படுத்திருப்போரின் துன்பங்கள் நுட்பமாகக் கூறப்பட்டுள்ளன. ஒரே சுவரையும் ஒரே கூரையையும் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு நோயே என்கிறார். சன்னலின் வழியே தெரியும் வெளி, மலர்களின் நிறம், கூண்டுப் பறவை போன்ற சிறு துணை ஆகியவை நோயாளிக்கு மருந்தாகும் என எடுத்துக்காட்டுகிறார். உரிய வேளையில் உணவு தராத கவனக்குறைவால், நாட்பட்ட நோயாளர் உணவு இருந்தும் பட்டினியால் நலிவதைச் சுட்டிக்காட்டுகிறார். படுக்கைப் புண் தோன்றுமாயின் பெரும்பாலும் நோயைவிடப் பேணுதலில் உள்ள குறையே அதற்குக் காரணம் என உறுதிபடக் கூறுகிறார்.

விரைவில் குணமாகிவிடும் என்று வெறும் வாயால் சொல்லப்படும் ஆறுதல், தன் நிலையை நன்கறிந்த நோயாளிக்கு மேலும் தனிமையையே தரும் என்பது அவர் கருத்து. நோயாளியின் முகம், மூச்சு, உறக்கம், உணவு ஆகியவற்றில் நாள்தோறும் நிகழும் சிறு மாற்றங்களை உற்றுநோக்கக் கற்பதே செவிலியத்தின் முதற்பாடம் என அவர் வலியுறுத்தினார். நீண்டகால நோயில் மாற்றம் மெல்லவே நிகழும். பழகிய கண்ணுக்கு அது தெரியாமலே போய்விடும். அதனால் அங்கே பணிபுரிவோர் தம் கவனத்தை மீண்டும் மீண்டும் கூர்தீட்டிக்கொள்ள வேண்டியவராகின்றனர்.

பயிற்சிப் பள்ளியும் வறியோர் விடுதியும்

போர்க்காலப் பணிக்கு நன்றிக்கடனாக மக்கள் திரட்டிய நிதியைக்கொண்டு, 1860ஆம் ஆண்டில் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. ஓராண்டு அங்கே பயின்றோர் பின்னர் மருத்துவமனைகளில் பணியாற்றினர். விரிவுரை கேட்டல், நோயாளர் கூடத்தில் செய்து கற்றல், குறிப்பேடு எழுதுதல் ஆகியன பயிற்சியின் கூறுகளாயின.

அப்பயிற்சியின் பயன் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் லிவர்பூல் நகரின் வறியோர் விடுதி. முதியோர், ஊனமுற்றோர், தீராநோயாளர் எனக் கைவிடப்பட்டோர் பலரும் வந்து சேரும் கடைசிப் புகலிடம் அது. அதன் மருத்துவப் பிரிவில் ஏறத்தாழ 1,200 நோயாளர் இருந்தனர். பயிற்சி ஏதுமற்ற விடுதிவாசிகளே அவர்களைக் கவனித்துவந்தனர். அந்நகரின் வள்ளல் வில்லியம் ராத்போன் பொருளுதவி செய்ய முன்வந்து, பிளாரன்சின் துணையை நாடினார். கைசர்ஸ்வெர்த்திலும் புனித தாமஸ் மருத்துவமனையிலும் பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ், 1865ஆம் ஆண்டில் 12 செவிலியருடன் அங்கே பொறுப்பேற்றார்.

ஆக்னஸ் விடுதிப் பெண்களையே உதவியாளராக்கிப் பயிற்றுவிக்கவும் முயன்றார், அம்முயற்சி கைகூடவில்லை. எனினும், பயிற்சி பெற்ற செவிலியரின் கவனிப்பால் நோயாளர் கூடங்களின் தூய்மையும் ஒழுங்கும் மேம்பட்டன. ஓய்வறியாது உழைத்த அவரை டைபஸ் காய்ச்சல் பற்றியது. 1868ஆம் ஆண்டு பிப்ரவரியில் தம் 35ஆம் வயதில் அவர் உயிர்நீத்தார். அவர் மறைவு பிளாரன்சை ஆழமாக வருத்தியது. வறியோருக்கும் தீராநோயாளருக்கும் குறைந்த பயிற்சி உடையோர் போதும் என்ற எண்ணத்தை மாற்ற ஆக்னஸ் தம் வாழ்வையே கொடுத்திருந்தார். அப்பணி தொடர, அவ்விடத்திற்குச் செல்லுமாறு பிற பெண்களுக்கு அழைப்பு விடுத்துப் பிளாரன்ஸ் கட்டுரை எழுதினார்.

ஆண்டு மடல்கள்

பள்ளி தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், பிளாரன்ஸ் அதன் நிலையை நேரடியாக ஆராய்ந்தார். கிடைத்த உண்மை கசப்பானது. விரிவுரைகள் முறையாக நடைபெறவில்லை. பயிற்சியாளர், கற்போராக நடத்தப்படாமல் வேலையாட்களாகவே பயன்படுத்தப்பட்டனர். புகழ்பெற்ற அப்பள்ளி பெயரளவில் நின்றுவிடும் நிலையில் இருந்தது. அவர் புதிய மருத்துவ ஆசிரியரை அமர்த்தச் செய்தார். மாணவியரின் படிப்பையும் விடுதி வாழ்வையும் கவனிக்க முதுநிலைச் செவிலியர் ஒருவரை நியமிக்கச் செய்தார். மாணவியரைத் தம் இல்லத்திற்கு ஒவ்வொருவராக அழைத்து, அவர்கள் கற்றதையும் கண்டதையும் கேட்டறிந்தார்.

1872ஆம் ஆண்டு முதல் 1900 வரை, ஏறத்தாழ ஆண்டுதோறும் தம் செவிலியருக்கு அவர் நீண்ட மடல் எழுதினார். செவிலியத்தில் முன்னேறாது நிற்பவர் உண்மையில் பின்னோக்கிச் செல்கிறார் என்பதே அம்மடல்களின் சாரம். ஓராண்டுப் பயிற்சி என்பது கற்கும் முறையைக் கற்றுக்கொள்வதற்கே. உண்மையான கல்வி அதன்பின் ஒவ்வொரு நோயாளியிடமும் தொடர்கிறது என அவர் அறிவுறுத்தினார். வேறு ஊர்களுக்கும் நாடுகளுக்கும் தலைமைச் செவிலியராகச் சென்ற தம் மாணவியரோடும் மடல்வழித் தொடர்பு கொண்டிருந்தார்.

தாம் சொன்னதைத் தம் அளவிலும் அவர் கடைப்பிடித்தார். நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்ற கோட்பாட்டை அவர் தொடக்கத்தில் ஏற்கவில்லை. அறிவியல் சான்றுகள் பெருகியபின், கிருமிநீக்க முறைகளைச் செவிலியர் கற்றுக் கடைப்பிடிக்க வேண்டும் எனத் தம் பிற்கால எழுத்துகளில் வலியுறுத்தினார்.

சான்றிதழும் தொடர்கல்வியும்

1887ஆம் ஆண்டில், பயிற்சி பெற்ற செவிலியரின் பெயர்களைப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற இயக்கம் பிரித்தானியாவில் தோன்றியது. தகுதியற்றோரிடமிருந்து மக்களைக் காக்க இதுவே வழி என அவ்வியக்கத்தினர் வாதிட்டனர். பிளாரன்ஸ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். ஒருநாள் எழுதிய தேர்வு, பல்லாண்டு கழித்து அச்செவிலியர் எவ்வாறு பணியாற்றுகிறார் என்பதற்குச் சான்றாகாது என்பது அவர் வாதம். பெயர் பதிவானதும் கல்வி முற்றுப்பெற்றது என்னும் மயக்கம் தோன்றிவிடும் என அவர் அஞ்சினார்.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. பதிவுமுறை பிரித்தானியாவில் 1919ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. பிற நாடுகள் பலவற்றிலும் அது நடைமுறைக்கு வந்தது. அதே வேளையில், பிளாரன்சின் அச்சத்திற்கும் காலம் விடை கண்டது. பதிவைப் புதுப்பிக்கத் தொடர்ந்து கற்றதற்கான சான்றைக் காட்ட வேண்டும் என்னும் விதி இன்று பல நாடுகளில் உள்ளது. பிரித்தானியாவில் ஒவ்வொரு மூன்றாண்டிலும் செவிலியர் குறைந்தது 35 மணிநேரம் தொடர்கல்வி பெற்றிருக்க வேண்டும். இந்தியாவிலும் தொடர்கல்வி செவிலியப் பணியின் ஒரு பகுதியாக வளர்ந்து வருகிறது. முதுமை, பக்கவாதம், புற்றுநோய், மறதிநோய் ஆகியவற்றால் நெடுநாள் படுத்திருப்போரைப் பேணுவோருக்கு இத்தகைய கல்வி இன்றியமையாதது.

நிறைவுக்காலம்

1907ஆம் ஆண்டில், பிரித்தானிய அரசின் உயரிய 'ஆர்டர் ஆஃப் மெரிட்' விருதை முதல் பெண்ணாகப் பிளாரன்ஸ் பெற்றார். அப்போது அவர் பார்வையை இழந்திருந்தார். 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் தம் 90ஆம் வயதில் இயற்கை எய்தினார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நல்லடக்கம் செய்யும் வாய்ப்பைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. குடும்பக் கல்லறையில், பெயரின் முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த நாள்களும் மட்டுமே அவருக்காகப் பொறிக்கப்பட்டன.

அவர் பிறந்த மே 12ஆம் நாள் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் விளக்கேற்றி உறுதிமொழி ஏற்கும் இளம் செவிலியர், பிறர் துயர் தீர்க்கும் கனிவை மட்டுமன்றி, பணிக்காலம் முழுதும் கற்கும் கடமையையும் அவரிடமிருந்து பெற்றுக்கொள்கின்றனர். எண்ணெய் வார்க்க வார்க்கவே விளக்கு எரியும். கற்கக் கற்கவே பேணும் கை தேறும்.