ஒரு மலையில் ஏறி பூமியை அளந்தவர்: அறிஞர் அல்பிரூனி

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே இயக்க விதிகள்தான். நிலைமம், விசை, உந்தம், ஈர்ப்பு என்று வரிசையாக வரும். கூடவே அரிஸ்டாட்டில், கலிலியோ, நியூட்டன் என்ற பெயர்களும் வரும். அரிஸ்டாட்டிலுக்கும் கலிலியோவுக்கும் நடுவில் ஏறக்குறைய 1900 ஆண்டுகள். அத்தனை காலமும் யாருமே எதையும் யோசிக்கவில்லையா என்று பிள்ளை கேட்டால், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை எடுத்துக் காட்டுகிறோம். நியூட்டனுக்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே அல்பிரூனி புவியீர்ப்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அதில் இருக்கும்.

அது உண்மையில்லை. ஆதாரமில்லாத பெருமையை எழுதுகிறவர்களைக் கண்டால் அல்பிரூனிக்கே பிடிக்காது. அவர் உண்மையில் செய்தது என்ன என்று தெரிந்துகொண்டால், இந்த மாதிரிச் செய்தியை யாரும் அனுப்ப வேண்டியதே இருக்காது.

அபூ ரைஹான் அல்பிரூனி 973-ம் ஆண்டு (ஹிஜ்ரி 362) குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரத்தை ஒட்டிப் பிறந்தார். இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது அந்த இடம். அவருக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தவர் அபூ நஸ்ர் மன்சூர். ஆட்சி மாற்றத்தால் 995-ல் ஊரை விட்டுத் தப்பி ஓட வேண்டியதாயிற்று. இரண்டே வருடத்தில், 997 மே மாதம் ஒரு சந்திர கிரகணம் வந்தது. காத்தில் இவரும் பக்தாதில் அபுல் வஃபா என்ற அறிஞரும் ஒரே கிரகணத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்து, இரண்டு ஊர்களுக்கும் உள்ள தீர்க்கரேகை வித்தியாசத்தைக் கணக்கிட்டார்கள். போனும் தந்தியும் இல்லாத காலத்தில் இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே கடிகாரம் அந்த நிலவுதான்.

பின்பு குர்கான் நாட்டு அரசர் காபூஸின் ஆதரவில் சில காலம் இருந்தார். பல சமுதாயங்களின் ஆண்டுக் கணக்குகளையும் திருநாட்களையும் ஒப்பிட்டு, அல் ஆஸாருல் பாகியா என்ற நூலை எழுதி அந்த அரசருக்கே அளித்தார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகியிருக்கவில்லை.

இப்னு சீனாவுடன் நடந்த கடிதப் போக்குவரத்தும் அந்த இளமைக் காலத்ததுதான். இப்னு சீனா இவரைவிட ஏழு வயது இளையவர். அல்பிரூனி அனுப்பியவை மொத்தம் 18 கேள்விகள். அரிஸ்டாட்டில் சொல்லிவிட்டார் என்பதற்காக ஒன்றை ஏற்க வேண்டுமா என்பதுதான் பல கேள்விகளின் உட்பொருள். மண்ணும் நீரும் கீழே இறங்கும், காற்றும் நெருப்பும் மேலே போகும், அது அவற்றின் இயல்பு என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. அல்பிரூனி வேறொரு கருத்தை முன்வைத்துக் கேட்டார்: எல்லாப் பொருளுமே மையத்தை நோக்கித்தான் போகின்றனவா? கனமானது முந்திக்கொண்டு போய் லேசானதை மேலே தள்ளுகிறதா? தண்ணீர் உறையும்போது பாத்திரம் ஏன் உடைகிறது, பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்றும் கேட்டார். இப்னு சீனா பதில் எழுதினார். இவர் திருப்தியடையாமல் மறுத்து எழுதினார். வாதம் சூடேறி, கடைசியில் இப்னு சீனாவின் மாணவர் மஃஸூமி ஆசிரியருக்காகப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

1017-ல் கஸ்னியின் சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மைப் பிடித்தார். அங்கிருந்த அறிஞர்களோடு அல்பிரூனியையும் கஸ்னிக்குக் கொண்டுபோனார். விருந்தாளியா கைதியா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. சுல்தானின் ஆட்சி பரவிய வழியிலேயே அவர் இந்தியாவின் வடமேற்குப் பகுதிக்கு வந்தார். படைகள் பொருளைத் தேடி வந்தன. இவர் சமஸ்கிருதம் படித்தார். பண்டிதர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய நூல்களைப் புரிந்துகொண்டு சிலவற்றை அரபியில் மொழிபெயர்த்தார். 1030 வாக்கில் முடித்த கிதாபுல் ஹிந்த் நூலில், சுல்தானின் படையெடுப்புகள் இந்த நாட்டின் செழிப்பைப் பாழாக்கின, அதனால் இங்குள்ள அறிவியல் தூரத்து ஊர்களுக்கு ஒதுங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறார். கஸ்னியிலேயே வாழ்ந்துகொண்டு இப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஈர்ப்பு பற்றிய பேச்சும் அந்த நூலில்தான் வருகிறது. பூமிதான் சுழல்கிறது என்று ஆரியபட்டரின் வழிவந்தவர்கள் சொன்னார்கள். அப்படியானால் கல்லும் மரமும் தூக்கியெறியப்படாதா என்று மற்றவர்கள் மறுத்தார்கள். அப்படி ஆகத் தேவையில்லை, கனமான எல்லாவற்றையும் பூமி தன்னை நோக்கி ஈர்க்கிறது என்பது 7-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரம்மகுப்தரின் கருத்து. இதை அல்பிரூனி பிரம்மகுப்தரின் பெயரைச் சொல்லியே பதிவு செய்கிறார். பூமி சுழன்றாலும் வானியல் கணக்குகள் கெட்டுப்போகாது என்கிறார். ஆனால் பூமி சுழல்வதாக அவர் முடிவுகட்டவில்லை. அதற்கு வேறு தடைகள் இருப்பதாக நினைத்தார்.

அந்தச் சிக்கல் அவிழ நிலைமம் என்ற கருத்து தேவைப்பட்டது. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் சீராக ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு காசை மேலே சுண்டினால் அது நம் கையிலேயே விழுகிறது. பஸ்ஸின் வேகம் காசுக்கும் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு விசை தடுக்காதவரை அந்த வேகம் குறையாது. இதை விதியாக எழுதியது நியூட்டனின் 1687-ம் ஆண்டு நூல். இப்னு சீனாவும் இதன் அருகில் வந்தவர்தான். எறியப்பட்ட பொருளுக்குள் ஒரு சாய்வு தங்குகிறது, எதிர்ப்பு இல்லாவிட்டால் அது தீராது என்று அவர் எழுதினார்.

கிதாபுல் ஹிந்தில் இன்னோர் இடம் நம் மாவட்டக்காரர்களுக்கென்றே எழுதியது போலிருக்கும். மலை அருகே ஆற்றில் பெரிய உருண்டைக் கற்கள், தள்ளிப் போகப் போக சிறு கற்கள், கடைசியில் மணல் என்று கவனித்த அல்பிரூனி, வேகமாக ஓடும் நீரே பெரிய கல்லைப் புரட்டும், வேகம் குறைந்தால் அதை விட்டுவிடும் என்று புரிந்துகொண்டார். அதிலிருந்து வட இந்தியச் சமவெளி ஒருகாலத்தில் கடலாக இருந்து வண்டலால் தூர்ந்தது என்ற முடிவுக்கு வந்தார். அரபுப் பாலைவனத்தில் கிணறு தோண்டும்போது கிடைத்த சிப்பிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். காரை ஓடைகளிலும் அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கடல் உயிரினங்களின் படிவங்கள் கிடைப்பது நமக்குப் புதிதல்ல. சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்காத குடும்பம் இங்கே குறைவு. அதையெல்லாம் அவர் பார்த்திருந்தால் இங்கிருந்து கிளம்பியிருக்க மாட்டார்.

அவருடைய பெரிய சாதனை நந்தனா கோட்டையருகே நடந்தது. இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில், உப்பு மலைத்தொடரில் இருக்கிறது அந்தக் கோட்டை. பக்கத்து மலையின் உயரத்தைச் சமவெளியில் நின்றே கோணங்களால் அளந்தார்: சுமார் 652 முழம். பிறகு உச்சிக்கு ஏறி, தொடுவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார். ஒரு பாகை என்பது 60 கலை. அவருக்குக் கிடைத்தது 34 கலை, அதாவது அரை பாகைக்குச் சற்று மேல். இந்த இரண்டு எண்களையும் முக்கோணவியலையும் வைத்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். ஒரு கோடியே 28 லட்சம் முழம் வந்தது. அந்த முழம் அரை மீட்டருக்கு நெருக்கமானது என்று கொண்டால், இன்றைய 6371 கிலோமீட்டருக்கு மிக அருகில் வருகிறது. காற்றில் ஒளி வளைவதால் இந்த முறையில் பிழை வரத்தான் செய்யும். விடை இவ்வளவு நெருங்கியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. முறை மட்டும் அப்பழுக்கில்லாதது. ரஞ்சன்குடிக் கோட்டை மேலே நிற்கும் பிள்ளைக்கும் இதை விளக்கிவிடலாம்.

பூமியின் அளவு ஏன் அத்தனை முக்கியம்? நிலவு, பூமியின் ஆரத்தைப் போல் சுமார் 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்பு குறையும் என்றால், அங்கே அது 3600-ல் ஒரு பங்காக வேண்டும். இங்கே விழும் கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் இறங்குகிறது. நிலவு ஒரு நொடியில் பூமியை நோக்கி விழுவது சுமார் 1.4 மில்லிமீட்டர். நியூட்டன் இதைச் சோதிக்க பூமியின் சரியான அளவு தேவைப்பட்டது. பிரான்சில் பிக்கார்ட் எடுத்த அளவை அவர் பயன்படுத்தினார்.

நந்தனா அளவீட்டை அவர் எழுதிவைத்த நூல் தஹ்தீத். கஸ்னியிலிருந்து கிப்லா திசையைச் சரியாகக் காண்பதற்காகவே அதை எழுதினார். நிழலை வைத்துத் தொழுகை நேரம் காண்பது பற்றி ஒரு தனி நூலும் எழுதினார். அதில் ஒரு சம்பவம் வருகிறது. ரூமிகளின் மாதக் கணக்கில் அமைந்த ஒரு நேரக் கருவியை, அது காஃபிர்களின் முறை என்று சொல்லி ஒருவர் மறுத்துவிட்டாராம். ரூமிகள் சாப்பிடுகிறார்கள், நடக்கிறார்கள், அவற்றையும் விட்டுவிடலாமே என்று அவருக்குப் பதில் கிடைத்ததாம்.

பொருட்களின் கனத்தை ஒப்பிடவும் ஒரு கருவி செய்தார். கூம்பு வடிவப் பாத்திரம், பக்கத்தில் ஒரு குழாய். பொருளை உள்ளே போட்டால் வழியும் நீரை எடை போட வேண்டியதுதான். தங்கம் முதல் ரத்தினங்கள் வரை அவர் கண்ட எண்கள் பல இன்றைய மதிப்புகளுக்கு அருகில் உள்ளன. அந்த எண்களை 1121-ல் தம் மீஸானுல் ஹிக்மா நூலில் சேர்த்த அல்காஸினி, மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கு ஏற்ப எடை மாறும் என்றும் எழுதினார். தூரம் கூடினால் எடையும் கூடும் என்று அவர் நினைத்தார். தரைக்கு மேலே அது குறையத்தான் செய்கிறது.

மஹ்மூதுக்குப் பின் வந்த சுல்தான் மஸ்ஊதுக்கு அல்கானூனுல் மஸ்ஊதி என்ற வானியல் பெருநூலை அளித்தார். பரிசாக ஒரு யானை சுமக்கும் அளவு வெள்ளி வந்தது, தமக்குத் தேவையில்லை என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்பார்கள்.

1048-ம் ஆண்டு வாக்கில், எழுபதைத் தாண்டிய வயதில், கஸ்னியில் வஃபாத்தானார். கடைசி நேரத்தில் பார்க்க வந்த ஒரு ஃபிக்ஹு அறிஞரிடம், முன்பு பேசிய ஒரு வாரிசுரிமைக் கணக்கைப் பற்றி அல்பிரூனி கேட்டார். மூச்சுத் திணறும் இந்த நிலையிலா என்று வந்தவர் இரக்கப்பட்டார். தெரியாமல் போவதைவிடத் தெரிந்துகொண்டு போவது நல்லதில்லையா என்றார் இவர். வந்தவர் விளக்கினார். அல்பிரூனி அதைத் திருப்பிச் சொல்லி மனதில் இருத்திக்கொண்டார். அவர் விடைபெற்றுத் தெருவில் போய்க்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.