காற்றை அளந்த பிரபு மகன்

சைக்கிள் பம்பின் வாயை விரலால் இறுக மூடுங்கள். பிடியை அழுத்துங்கள். கொஞ்ச தூரம் போகும். அப்புறம் போகாது. உள்ளே அடைபட்ட காற்று எதிர்த்துத் தள்ளுகிறது!

இந்தத் தள்ளுதலுக்குக் கணக்கு கண்டவர் ராபர்ட் பாயில்.

1627-ம் ஆண்டு அயர்லாந்தில், லிஸ்மோர் கோட்டையில் பிறந்தார். தந்தை கார்க் பிரபு. பெரும் பணக்காரர். அவருக்கு இது 14-வது குழந்தை! உட்கார்ந்து சாப்பிட்டாலும் கரையாத சொத்து. பாயிலோ அதைக் கண்ணாடிக் குழாயிலும் பாதரசத்திலும் செலவழித்தார். கல்யாணம்கூடச் செய்து கொள்ளவில்லை.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் தங்கி, ராபர்ட் ஹூக் என்ற கெட்டிக்கார இளைஞரின் உதவியோடு, காற்றை வெளியேற்றும் பம்பு ஒன்றைச் செய்தார். 1660-ல் அதுபற்றிப் புத்தகம் வெளியிட்டார்.

எதிர்ப்பு கிளம்பியது.

ஒரு முனை மூடிய நீளக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தால், சுமார் 29 அங்குல உயரத்துக்கு அது இறங்காமல் நிற்கும். வெளிக்காற்றுதான் தாங்குகிறது என்றார் பாயில். காற்றுக்கு அவ்வளவு பலம் ஏது, கண்ணுக்குத் தெரியாத நூல் ஒன்று மேலிருந்து இழுக்கிறது என்றார் லைனஸ் என்ற பாதிரியார்.

பாயில் வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. வளைந்த கண்ணாடிக் குழாயை எடுத்தார். அதன் குட்டைப் பக்கம் மூடியது. நெட்டைப் பக்கம் திறந்தது. முதல் குழாய் உடைந்தே போயிற்று! அடுத்தது அறைக்குள் அடங்காத உயரம். மாடிப்படியில் வைத்தார்கள். உடைந்தால் பாதரசம் வீணாகாமல் இருக்க, அடியில் மரப்பெட்டி.

குட்டைப் பக்கத்தில் 12 அங்குலக் காற்று அடைபட்டிருந்தது. நெட்டைப் பக்கத்தில் பாதரசத்தை ஊற்ற ஊற்ற, அது சுருங்கியது. காற்று 6 அங்குலமானபோது, பாதரசம் 29 அங்குலத்துக்குச் சற்று அதிகமாக உயர்ந்து நின்றது. ஏற்கெனவே வெளிக்காற்றின் பாரம் 29 அங்குலம். ஆக, அழுத்தம் இரண்டு மடங்கு; காற்று பாதி! இன்னும் ஊற்றினார்கள். பாதரசம் 7 அடிக்கு மேல் ஏறியது. அழுத்தம் நாலு மடங்கு. காற்று 3 அங்குலம். கால் பங்கு!

சூடு மட்டும் மாறக்கூடாது. மாறினால் கணக்கும் மாறிவிடும்.

1662-ல் இதை வெளியிட்டார். இப்படி ஒரு கணக்கு இருக்கலாம் என்று டவுன்லி என்பவர் ஊகித்ததையும் மறைக்காமல் எழுதினார். பெரிய மனசு!

1668 முதல் லண்டனில் அக்காள் கேதரின் வீட்டில் வாழ்ந்தார். 1691 டிசம்பரில் அக்காள் காலமானார். ஒரு வாரத்தில் தம்பியும் போய்ச் சேர்ந்தார்.