கடலைக் கண்ணாடித் தொட்டியில் கண்டவர்

ஜொகூரில் வாழும் நாம் கடலுக்குப் புதியவர்கள் அல்லர். கிழக்கே தென்சீனக் கடலும் மேற்கே மலாக்கா நீரிணையும் நம் மாநிலத்தைத் தழுவி நிற்கின்றன. மெர்சிங்கை அடுத்துள்ள தீவுகளின் பவளப் பாறைகளில் விசிறிப்புழு என்னும் உயிர் வாழ்கிறது. மண்புழுவுக்குத் தூரத்து உறவான இதன் தலையில் மயிற்பீலி போன்ற வண்ண விசிறி விரிந்திருக்கும். நிழல் பட்டால் போதும். இமைப்பொழுதில் குழாய்க்குள் மறைந்துவிடும். இத்தகைய உயிர்களை வீட்டிலேயே வளர்க்கலாம் என்று உலகோர்க்கு எடுத்துரைத்த முன்னோடி ஒருவரின் வரலாற்றைக் காண்போம்.

பிலிப் ஹென்றி கோஸ் 1810ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் ஊர் ஊராகச் சென்று சிறு உருவப்படங்கள் தீட்டிப் பிழைத்தவர். வறுமையால் கோஸின் பள்ளிப்படிப்பு நீளவில்லை. பதினேழாம் வயதில் கடல் கடந்து நியூபவுண்லாந்துத் தீவில் எழுத்தராக அமர்ந்தார். பின்னர்க் கனடாவில் நிலம் உழுதார், அதிலும் தோல்வியே. 1838இல் அமெரிக்காவின் அலபாமாவில் தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். அங்கே அடிமைகள் படும் கசையடி கண்டு மனம் வெதும்பினார். ஓராண்டு முடியுமுன்னரே அவ்விடம் விட்டு அகன்றார். தோட்டத்து மக்களாகிய நாம் இச்செய்தியை எளிதில் கடந்து செல்ல இயலாது.

1852இல் உடல்நலம் குன்றிய கோஸ், டெவன் கடற்கரைக்குச் சென்றார். பாறைக் குழிகளிலிருந்து கடலுயிர்களை எடுத்துக் கண்ணாடிக் கலங்களில் இட்டார். நீர் கெட்டால் அவை மடியும் அல்லவா? உடன் பச்சைக் கடற்பாசியையும் வைத்தார். வெளிச்சத்தில் பாசி உயிர்வளியை வெளியிட, நீர் பல வாரங்கள் தெளிவாக இருந்தது. வாரிங்டன் என்னும் வேதியியலாரும் அக்காலத்தில் இவ்வுண்மையை ஆய்ந்தறிந்திருந்தார்.

விசிறிப்புழுவைக் கோஸ் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அது குழாய்ச் சுவரைப் பற்றி மின்னலென உள்ளே பாய்வதற்கு, ஆயிரக்கணக்கான நுண்பற்கள் கொண்ட கொக்கிகள் உதவுவதைக் கண்டார். குழாய் சுண்ணாம்பு போல் வெண்மையாய்க் கடினமாக இருந்தால் ஓர் இனம்; அதில் பலவற்றுக்கு வாயை அடைக்கும் மூடியும் உண்டு. சேறும் மணலும் ஒட்டிய மென்குழாயாயின் மற்றோர் இனம். அதற்கு மூடி இல்லை. நீரில் மிதக்கும் நுண்துகள்களே இவற்றின் உணவு. நீர் கெட்டால் புழு தன் விசிறியைக் கழற்றிவிடுவதுண்டு. இறந்ததென்று எறிந்துவிடுதல் கூடாது. நீரைச் செம்மைப்படுத்திக் காத்திருந்தால் புது விசிறி முளைக்கும்.

1853இல் இலண்டன் விலங்குக்காட்சி சாலையில் உலகின் முதற்பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குக் கடலுயிர்கள் பலவற்றைச் சேகரித்து அனுப்பியவர் கோஸே. மறு ஆண்டு அவர் எழுதிய நூலால் அக்குவேரியம் என்னும் சொல் பரவியது. கடலுக்குத் தொலைவில் வாழ்வோரும் உப்புகளைக் கலந்து கடல்நீர் செய்துகொள்ளும் முறையையும் அவர் விளக்கினார்.

விளைவு என்னவாயிற்று? வாளியும் உளியும் ஏந்திய கூட்டம் கடற்கரையை மொய்த்தது. பல்லாண்டு செழித்திருந்த பாறைக் குழிகள் வெறுமையாயின. தாம் எழுதிய நூல்களே இதற்குத் தூண்டுகோலாயின என்பதை உணர்ந்து கோஸ் பெரிதும் வருந்தியதாக அவர் மகன் எட்மண்ட் 1907இல் வெளிவந்த நூலில் பதிவுசெய்துள்ளார். அன்பினால் செய்த செயல் அன்புக்குரியதையே அழித்த இத்துயரம், அவரது புகழினும் நம் உள்ளத்தைத் தொடுகிறது.

கோஸ் 1888 ஆகஸ்ட் 23ஆம் நாள் டெவனிலேயே காலமானார். இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின், 1909இல், சென்னை மெரினாக் கடற்கரையிலும் கடலுயிர்க் காட்சியகம் ஒன்று எழுந்தது.