கும்பலா கேட்குதா? அது ஒரே ஒரு ஆள்!

ஹெட்போன் கையில இருக்கா? குவீன் பேண்டோட 'பொஹிமியன் ராப்சடி' பாட்டைப் போடுங்க. ஆரம்பத்துல ஒரு கும்பலே சேர்ந்து பாடுற மாதிரி கேட்குதுல்ல? வீடியோவுலயும் நாலு பேர் வாயசைக்கிறாங்க. நம்பிடாதீங்க. அந்தக் கும்பல் மொத்தமும் ஒரே ஆள்தான், ஃப்ரெடி மெர்க்குரி!

1946-ல் சான்சிபார் தீவில், பார்சி குடும்பத்தில் பிறந்தவர். படிச்சது எங்க தெரியுமா? நம்ம மகாராஷ்டிராவின் பஞ்சகனி மலையில் ஒரு போர்டிங் ஸ்கூல். அங்கே பசங்களோட ஒரு பேண்ட் வெச்சிருந்தார். ஆனா, அதில் அவருக்குப் பியானோதான் வேலை. 1964-ல் சான்சிபாரில் புரட்சி வெடிக்க, குடும்பம் இங்கிலாந்துக்குக் கிளம்பியது. 1970-ல் குவீன் உருவானது.

'பொஹிமியன் ராப்சடி' 1975-ல் பதிவானப்போ கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. 24 ட்ராக் டேப்தான். ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடணும். அந்தக் குரல்களை ஒண்ணா சேர்த்து வேற ட்ராக்குக்கு மாத்தணும். அதுக்கு மேல மறுபடியும் பாடணும். நடுவுல வர்ற ஓபரா பகுதியில் கீழ்க்குரல் பிரையன் மே, நடுக்குரல் ஃப்ரெடி, காதைக் கிழிக்கிற உச்சம் டிரம்மர் ரோஜர் டெய்லர். மூணே பேர்! ஓட்டி ஓட்டி டேப் தேய்ஞ்சு, வெளிச்சத்துல பிடிச்சா மறுபக்கம் தெரியுற நிலைமைக்கு வந்துடுச்சாம். 1976-ல் வந்த 'சம்படி டு லவ்' பாட்டுல சர்ச் கொயர் மாதிரி கேட்குதே, அதுவும் இதே மூணு பேர்தான்.

இன்னொரு பாட்டு இருக்கு, 'மதர் லவ்'. 1991 மே மாசம். எய்ட்ஸ் ஃப்ரெடியை உருக்கிட்டிருந்த நேரம். சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகர ஸ்டூடியோவில், நிக்கவே தெம்பில்லாம பாடினார். கடைசிச் சரணம் மட்டும் பாக்கி. அப்புறம் வந்து பாடுறேன்னு போனவர், அதைப் பாடவே இல்லை. நவம்பர் 24-ல் இறந்துட்டார். வயசு 45.

1995-ல் 'மேட் இன் ஹெவன்' ஆல்பத்தில் அந்தப் பாட்டு வந்தது. பஸ்ல போறப்போ கேட்டா ஒண்ணும் தெரியாது. ராத்திரி தனியா ஹெட்போன்ல கேளுங்க. கடைசிச் சரணத்துல குரல் மாறும். அது பிரையன் மே.