அன்னா ஓ. குணமானது எப்போது?

உளவளத்துணை கற்கும் எவரும் முதல் சில வாரங்களிலேயே அன்னா ஓ. என்ற பெயரைக் கேட்டுவிடுவார்கள். நானும் ஒரு பயிற்சி வகுப்பில்தான் கேட்டேன். வியன்னாவில் ஒரு பெண்ணுக்கு விசித்திரமான நோய் வந்தது, மருத்துவர் அவரைப் பேசவிட்டார், பேசப் பேச நோய் போனது. கதை அவ்வளவுதான். சிகிச்சை முடிந்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது 23. அவர் 77 வயதுவரை வாழ்ந்தார் என்பதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. நானாகத் தேடி வாசித்தபோதுதான், சொல்லப்படாமல் விட்ட பகுதியே பெரிய பகுதி என்று தெரிந்தது.

அவருடைய உண்மையான பெயர் பேர்த்தா பாப்பன்ஹைம். 1859இல் வியன்னாவில், வசதியும் மத ஆசாரமும் நிறைந்த யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அவர் பிறக்குமுன்பே ஓர் அக்கா இரண்டு வயதில் இறந்திருந்தார். இன்னோர் அக்கா காசநோயால் இறந்தபோது பேர்த்தாவுக்கு 8 வயது. 16 வயதில் அவரது படிப்பு முடிந்துவிட்டது. தம்பி உயர்கல்விக்குப் போனார். கூர்மையான புத்தியுள்ள அக்கா வீட்டில் கைவேலையோடு இருந்தார். விழித்திருக்கும்போதே மனதுக்குள் கதைகளை ஓடவிட்டு அதற்குள் போய்விடுவது அவர் வழக்கம். கூப்பிட்டால் பதில் சொல்வார், ஆகவே வீட்டில் எவருக்கும் தெரியவில்லை.

1880 கோடையில் அப்பா நோயில் விழுந்தார். இரவுகளில் கண்விழித்துப் பார்த்துக்கொண்டவர் பேர்த்தா. சில மாதங்களில் அவரே படுக்கையில் வீழ்ந்தார். வலக்கை மரத்தது, கால்கள் இயங்கவில்லை, தாய்மொழியான ஜேர்மன் மறந்து ஆங்கிலம் மட்டும் வந்தது. அவரைப் பார்த்த மருத்துவர் யோசெப் புறோயர், ஒரே உடம்பில் இரண்டு நிலைகள் மாறிமாறி வருவதைக் கவனித்தார். ஒன்றில் அவர் சோகமான, ஆனால் சுற்றியிருப்போரை அறிந்த பெண். மற்றதில் பயங்கரக் காட்சிகள் கண்டு தலையணைகளை வீசும் ஒருவர். ஒரு நிலையில் நடந்தது மற்ற நிலைக்குத் தெரியாது.

இதைத்தான் இன்று டிசோசியேஷன் என்கிறார்கள். தாங்கமுடியாததைத் தாங்குவதற்காக மனம் தன்னையே அறைகளாகப் பிரித்துக் கதவை மூடிக்கொள்வது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். சிறுவயதில் அடிபட்ட பிள்ளைகளிடம் இது அதிகம் காணப்படுகிறது. ஓடவோ எதிர்க்கவோ முடியாத வயதில் உள்ளே விலகி நிற்பது ஒன்றுதான் அவர்களால் முடிந்தது. பேர்த்தாவின் நோய்க்கு அக்காவின் சாவுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அது மூளை நோய் என்று வாதிட்ட மருத்துவர்களும் உண்டு. ஆனால் சாவைக் கண்ட அந்த எட்டு வயதுப் பிள்ளையை மறந்துவிட்டு இந்தக் கதையை என்னால் வாசிக்க முடியவில்லை.

அப்பாவின் நிலை மோசமாவதை வீட்டார் பேர்த்தாவிடம் மறைத்தார்கள். பார்க்கவும் விடவில்லை. 1881 ஏப்ரலில் அவர் இறந்தார். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்த மகள் சாப்பிட மறுத்தார். சாவை மறைப்பதை அன்பென்று நினைக்கும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் ஒரு நிலையில் அன்றைய நாளிலும், மற்ற நிலையில் சரியாக ஓராண்டுக்கு முந்திய அதே நாளிலும் வாழ்ந்தார். அம்மாவின் நாட்குறிப்போடு ஒப்பிட்டபோது சம்பவங்கள் பொருந்தின. கதவை நோக்கி நடப்பதாக நினைத்து அடுப்பில் போய் மோதுவார். பழைய வீட்டில் அந்த இடத்தில்தான் கதவு இருந்தது. நோயின் ஆரம்பத்தில் அவர் பெரும்பாலும் தோடம்பழத்தையே சாப்பிட்டு வந்தார். இப்போது ஒரு தோடம்பழத்தைக் கண்முன் காட்டினாலே போதும், பழைய ஆண்டுக்குள் போய்விடுவார்.

பேச்சு உதவியது உண்மைதான். ஆறு வாரம் தண்ணீர் குடிக்க முடியாமல் பழங்களால் தாகம் தீர்த்தவர், வீட்டுத் துணைப் பெண்ணின் நாய் குவளையில் குடித்ததைக் கண்டு அருவருத்த சம்பவத்தைச் சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்தார். பேச்சு வைத்தியம் என்ற பெயரை இட்டவரும் அவரே. அந்தப் பெருமை நோயாளிக்குரியது.

1882 யூனில் சிகிச்சை முடிந்தது. 1895இல் புறோயரும் பிராய்டும் வெளியிட்ட நூல், பின்னர் அவர் முழு நலத்தோடு வாழ்வதாகச் சொன்னது. ஆனால் சிகிச்சை முடிந்த அடுத்த மாதமே அவர் சுவிற்சர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். முகவலி, மோர்பின் பழக்கம், மாலைகளில் ஜேர்மன் மறந்துபோதல் எல்லாம் தொடர்ந்தன. 1883க்கும் 1887க்கும் இடையில் வியன்னாவுக்கு அருகே இன்னொரு மருத்துவமனையில் மூன்று தடவை தங்கினார். அந்தப் பழைய ஆவணங்கள் 1972இல்தான் வெளிச்சத்துக்கு வரத் தொடங்கின. நோய் திரும்பியதைச் சொல்லாமல் விட்டது சின்னத் தவறல்ல. அந்தக் கதையைப் பாடமாகக் கேட்டு, தனக்கு ஏன் இன்னும் சுகமாகவில்லை என்று தன்னையே நோகும் ஒருவரை எண்ணிப் பாருங்கள்.

1888இல் அம்மாவோடு பிராங்பேர்ட்டுக்குப் போனார். முதலில் ஏழைகளுக்கான கஞ்சிக்கூடத்தில் வேலை. பிறகு யூதச் சிறுமிகளின் அநாதை இல்லத்தில். சிறுவர்களுக்குக் கதைகள் எழுதினார். ஒரு காலத்தில் தன்னை இழுத்துக்கொண்டு போன கற்பனை, இப்போது அவர் சொன்ன இடத்துக்கு வந்தது. 1895இல், அன்னா ஓ.வின் கதை அச்சான அதே ஆண்டில், அந்த இல்லத்தின் பொறுப்பாளரானார். 1904இல் ஜேர்மன் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கி இருபது ஆண்டுகள் தலைமை தாங்கினார். விபசாரத்துக்காகப் பெண்கள் கடத்தப்படுவதை நேரில் அறிய கலீசியா, பால்கன், எகிப்துவரை பயணம் செய்தார்.

எனக்கு முக்கியமாகத் தெரிவது, 1907இல் பிராங்பேர்ட்டுக்கு அருகே நொய் இசன்பேர்க்கில் அவர் திறந்த வீடு. திருமணமாகாத தாய்மார், அவர்களுடைய குழந்தைகள், எங்கும் இடமில்லாத இளம்பெண்கள் அங்கே வாழ்ந்தார்கள். சிறைபோல் அல்லாமல் வீடுபோல் இருக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். பிள்ளைகள் ஊர்ப் பாடசாலைக்கே போனார்கள். சம்பளம் வாங்காமல் உழைத்தார். கண்டிப்பானவர், விட்டுக்கொடுக்காதவர். நாசிகள் வந்தபின்பும் யூதர்கள் நாட்டைவிட்டுப் போவதை 1935வரை எதிர்த்தார்; அது பெரிய பிழை.

வியன்னாவில் பட்டதைப் பற்றி அவர் பேசவில்லை. தன் பொறுப்பில் இருந்த பெண்களை உளப்பகுப்பாய்வுக்கு அனுப்பவும் சம்மதிக்கவில்லை. அவர்தான் அன்னா ஓ. என்பதை பிராய்டின் வரலாற்றை எழுதியவர் 1953இல் உலகுக்கு அறிவித்தபோது, மறுக்க அவர் உயிரோடு இல்லை. பேச்சு வைத்தியத்துக்குப் பெயர் வைத்தவர் தன்னைப் பற்றிப் பேசாமலே வாழ்ந்ததைச் சிலர் குணமாகாத அடையாளமாகக் காண்கிறார்கள். எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதைத் தானே தீர்மானித்த ஒருவராகவே நான் காண்கிறேன்.

1936 இளவேனிலில், புற்றுநோய் முற்றியிருந்த நிலையில், கெஸ்டாபோ அவரை விசாரணைக்கு அழைத்தது. வீட்டிலிருந்த மனவளர்ச்சி குன்றிய சிறுமி ஒருத்தி ஹிட்லரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டாளாம். எழுந்து போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தார். மே 28ஆம் திகதி இறந்தார். 1938 நவம்பரில் அந்த வீட்டுக்குத் தீ வைத்தார்கள். எஞ்சிய பகுதியில் பிள்ளைகள் 1942 மார்ச்வரை இருந்தார்கள்.