22 ஆண்டு போர்... 21 நாள் பதவி... இரவில் மலையில் மோதிய ஹெலிகாப்டர்! யார் இந்த ஜான் கராங்?

2005, ஜூலை 30. சனிக்கிழமை மாலை. உகாண்டாவின் என்டெபியில் இருந்து ஒரு ஹெலிகாப்டர் கிளம்புகிறது. உள்ளே இருந்தவர் சூடானின் முதல் துணை அதிபர் ஜான் கராங். பதவியேற்று வெறும் 21 நாள்தான் ஆகியிருந்தது. போக வேண்டிய இடம், தெற்கு சூடானில் கென்ய எல்லையை ஒட்டிய நியூ சைட் முகாம். ஆனா, அவர் அங்கே போய்ச் சேரவே இல்லை.

யார் இந்த கராங்?

1945-ல் தெற்கு சூடானில் ஒரு டிங்கா இனக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே பெற்றோரை இழந்தார். உறவினர் உதவியில்தான் படிப்பு. 1969-ல் அமெரிக்காவின் கிரின்னல் கல்லூரியில் பொருளாதாரப் பட்டம் வாங்கினார். பிறகு தான்சானியாவில் படிக்கப் போனபோது அங்கே கிடைத்த நண்பர், பின்னாளில் உகாண்டா அதிபரான யோவேரி முசவேனி. கடைசிப் பயணத்தில் கராங் சந்தித்துவிட்டுத் திரும்பியதும் இதே நண்பரைத்தான்.

1972-ல் முதல் உள்நாட்டுப் போர் முடிந்ததும் சூடான் ராணுவத்தில் சேர்ந்தார். 1981-ல் அயோவா மாகாணப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

அடக்கப் போனவரே தலைவரானார்

1983-ல் தெற்கின் தன்னாட்சியை அதிபர் நிமெய்ரி ரத்து செய்தார். நாடு முழுக்க ஷரியா சட்டம் கொண்டுவந்தார். தெற்கில் ஒரு படைப்பிரிவு கிளர்ச்சி செய்ய, அதை அடக்க அனுப்பப்பட்டவர் கராங். அவரோ கிளர்ச்சியாளர்கள் பக்கமே சேர்ந்து, சூடான் மக்கள் விடுதலை ராணுவத்தை உருவாக்கினார்.

அவர் கேட்டது தனி நாடு இல்லை. மதம், இனம் பார்க்காத, எல்லோருக்கும் சம உரிமை தரும் ஒரே சூடான். அதற்கு அவர் வைத்த பெயர் 'புதிய சூடான்'. தனி நாடு கேட்டவர்களோடு மோதல் வந்து, 1991-ல் அவர் இயக்கமே உடைந்தது. சொந்த மக்களே ஒருவரையொருவர் கொன்றார்கள். கராங் படை மீதும் மனித உரிமை மீறல் புகார்கள் உண்டு.

22 ஆண்டு போரில் சுமார் 20 லட்சம் பேர் பலியானதாகக் கணக்கிடப்படுகிறது. 2005 ஜனவரி 9-ல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலை 9-ல் கராங் துணை அதிபரானார். அவரைப் பார்க்க கார்ட்டூமில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள்.

அந்த இரவில் என்ன நடந்தது?

அது உகாண்டா அதிபருக்கான எம்ஐ-172 ரக ஹெலிகாப்டர். வழியில் வானிலை மோசம். இருட்டும் சேர்ந்துகொண்டது. மலைப்பகுதியில் இந்த இரண்டும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். எதிரே மலை இருப்பது கண்ணுக்குத் தெரியாது. போதுமான உயரத்தில் பறக்காவிட்டால், நன்றாக ஓடும் ஹெலிகாப்டர்கூட நேராகப் போய் மோதிவிடும். மோதியது. கராங், அவரது உதவியாளர்கள், விமானக் குழுவினர் என 14 பேரும் இறந்தார்கள்.

முதலில் சூடான் அரசு டிவி, அவர் பத்திரமாகத் தரையிறங்கிவிட்டதாகச் சொன்னது. பிறகு மரணம் உறுதியானதும் கார்ட்டூமில் கலவரம் வெடித்தது. ஏராளமானோர் உயிரிழந்தார்கள். அமைதி காக்கச் சொல்லி கராங்கின் மனைவி ரெபேக்கா வேண்டுகோள் விடுத்தார்.

விபத்தா, சதியா?

முசவேனியே ஆரம்பத்தில் சந்தேகம் கிளப்பினார். ஆனா, 2006-ல் வெளியான விசாரணை முடிவு, விமானியின் தவறே காரணம் என்றது. அதை நம்பாதவர்கள் தெற்கு சூடானில் இன்றும் உண்டு.

அதன் பிறகு?

தலைமை சல்வா கீர் கைக்குப் போனது. ஒப்பந்தம் பிழைத்தது, ஒரே சூடான் என்ற கனவு பிழைக்கவில்லை. 2011 பொது வாக்கெடுப்பில் 98 சதவீதத்துக்கும் மேல் பிரிவினைக்கே ஓட்டு. அதே ஜூலை 9-ல் தெற்கு சூடான் தனி நாடானது. அந்த விழா நடந்தது, ஜூபாவில் கராங்கின் கல்லறை வளாகத்தில். புது நாட்டின் கரன்சி நோட்டிலும் அவர் முகம்தான்.

இரண்டே வருஷத்தில், 2013 டிசம்பரில், அங்கே மீண்டும் உள்நாட்டுப் போர். இந்த முறை சண்டை தெற்கு சூடான் தலைவர்களுக்குள்ளேயே. அவர் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று அந்த மக்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.