ஆணி பொறுக்கிய பஸ் முதலாளி

டி.வி.எஸ். என்றாலே நமக்கு ஞாபகம் வருவது எக்செல் வண்டிதான். தொண்டியில் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு திருவாடானை பக்கம் வருகிற வண்டிகளில் பாதி அதுவாகத்தான் இருக்கும். ஆனால் டி.வி.எஸ். மொபெட் ரோட்டுக்கு வந்தது 1980-ல். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அதற்கு 25 வருஷம் முன்பே மறைந்துவிட்டார். அவர் வாழ்க்கையை மெக்கானிக்கல் பசங்க மட்டுமில்லை, வண்டி ஓட்டுகிற எல்லாருமே தெரிந்துகொள்ளலாம்.

சுந்தரம் அய்யங்கார் 1877 மார்ச் 22-ல் பிறந்தார். ஊர் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடி. அவர் பெயரில் இருக்கும் 'டி' அந்த ஊர்தான். அப்பா ஆசைப்படி வக்கீல் தொழிலில் ஆரம்பித்தார். பிறகு ரயில்வே வேலை, அதன்பின் பேங்க் வேலை. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, 1911-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். அடுத்த வருஷமே பஸ் ஓட்ட ஆரம்பித்தார். வயது 35. மாட்டு வண்டிகள் ஆண்ட காலம் அது.

அங்கேதான் சிக்கல். ரோடு முழுக்க மாடுகளின் குளம்பிலிருந்து கழன்று விழுந்த லாட ஆணிகள். பஸ் டயர் பஞ்சர் மேல பஞ்சர். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? இன்னொரு ஸ்டெப்னி வாங்கி வைப்போம். அவரோ காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் ஓடவிட்டு, ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்று புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தில் மணியைச் சரி செய்துகொள்வார்களாம். டயரை நம்ப முடியாத பஸ்ஸை வைத்துக்கொண்டு அந்தப் பெயரை வாங்க முடியாது.

வீட்டிலும் பழைய வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு அவர் சும்மா இருக்கவில்லை. மகள் சௌந்தரம் சிறு வயதிலேயே கணவரை இழந்தபோது, பெற்றோர் அவரை டாக்டருக்குப் படிக்க வைத்தார்கள். பின்னாளில் கணவர் ஜி.ராமச்சந்திரனோடு சேர்ந்து காந்திகிராமத்தை உருவாக்கியவர் அந்த டாக்டர் சௌந்தரம்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பெட்ரோல் இல்லாமல் வண்டி ஓட்ட டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற கருவியைத் தயாரித்தார். 1942-ல் மலாயா ஜப்பான் கைக்குப் போனதும் ரப்பருக்கும் பஞ்சம். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டி மறுபடி ஓடவைக்கும் ரீட்ரெட் தொழிற்சாலையும் அவர் தொடங்கியவற்றில் ஒன்று.

ரீட்ரெட் செய்ய ஒரு நிபந்தனை உண்டு. மேல் ரப்பர் எவ்வளவு தேய்ந்தாலும், உள்ளே இருக்கும் நூல் அடுக்கு நன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நூல் தெரியும் வரை தேய்ந்துவிட்டால், மறுபக்கம் புதுசு மாதிரி இருந்தாலும் டயர் குப்பைக்குத்தான்.

ஒரு பக்கம் மட்டும் ஏன் தேயுது? பெரும்பாலும் வீல் அலைன்மென்ட்தான். முன்சக்கரம் நேராகப் பார்க்காமல் 1 டிகிரி திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 மீட்டர் அது பக்கவாட்டில் இழுபடும். மதுரையிலிருந்து திருவாடானை வழியாகத் தொண்டிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஒரு தடவை போய்ச் சேர்வதற்குள், டயரை 1.7 கிலோமீட்டர் தரதரவென்று இழுத்துக்கொண்டு போன மாதிரி. லாட ஆணியாவது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

ஆனால் கைக்குத் தெரியும். டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம் மாதிரியும் இருந்தால் டோ சரியில்லை. ஒரு ஓரம் மட்டும் மொழுக்கையானால் கேம்பரைப் பார்க்க வேண்டும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று கம்மி, நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று ஜாஸ்தி. அலைன்மென்ட் பார்க்கும் முன் டை ராடு முனையிலும் புஷ்ஷிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஆட்டத்தோடு அலைன்மென்ட் செய்தால் அடுத்த பள்ளத்திலேயே பழைய கதைதான்.

சுந்தரம் அய்யங்கார் 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் காலமானார். அவர் கம்பெனியின் பஸ்களை 1972-ல் அரசு எடுத்துக்கொண்டது. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அப்படிப் பிறந்ததுதான். பஸ்ஸின் பெயரும் நிறமும் மாறிவிட்டன. பழுதைச் சரிசெய்வதோடு நிற்காமல், அதன் காரணத்தையும் தேடுகிற அவருடைய குணம் நமக்கு இன்றைக்கும் வேண்டும். அடுத்த தடவை டயர் தேஞ்சு போச்சுன்னு புதுசு வாங்கக் கடைக்குப் போகும்போது, பழைய டயரைக் கழற்றிப் போட்டவுடன் கிளம்பிவிடாதீர்கள். அதை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள்.